விருந்து மேசையும் அறிமுகக் கடிதமும்

சட்டம் படிக்கும் மாணவர்கள் இப்போது தேர்வைவிட அறிமுகங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். சேம்பரிங் எங்கே கிடைக்கும், யாரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று என்னிடமும் கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது, காந்தியின் வாழ்க்கையில் பலரும் வேகமாகப் புரட்டிவிடும் ஆறு ஆண்டுகளைத்தான்.

1888-இல், 19 வயதில், லண்டன் இன்னர் டெம்பிளில் அவர் சேர்ந்தார். நம் துங்கு அப்துல் ரஹ்மான் பிற்காலத்தில் பாரிஸ்டரானதும் அங்கேதான். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும் என்பது விதி. மூத்தவர்களோடு உண்டு பழகித் தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்க வேண்டும் என்பது அதன் பழைய நோக்கம். காந்தியோ கூச்சக்காரர். ஆனாலும் அவரைத் தங்கள் மேசைக்கு அழைக்க மாணவர்களிடையே போட்டி! நால்வருக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் குடிக்கமாட்டார் என்பதால் மற்ற மூவருக்கும் கொண்டாட்டம். இன்றைய சில அறிமுக நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

தாதாபாய் நௌரோஜிக்கு எழுதப்பட்ட அறிமுகக் கடிதம் ஒன்று கையில் இருந்தும், நெடுநாள் அதைக் கொடுக்கத் துணியவில்லை. 1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றதும் தலை சுற்றியது, நா எழவில்லை. வழக்கை வேறொருவரிடம் விட்டுவிட்டார்.

ராஜ்கோட்டில் நடந்தது இன்னும் கசப்பானது. அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரியை லண்டனில் காந்திக்குப் பழக்கம். சிக்கலில் இருந்த அண்ணன், அந்தப் பழக்கத்தை வைத்துத் தனக்காகப் பேசச் சொன்னார். மனமில்லாமல்தான் போனார். அதிகாரி பேச்சை முடிக்கவே விடவில்லை. சேவகனை விட்டு வெளியே தள்ளினார். விடுப்பில் இருக்கும் அதிகாரி வேறு, நாற்காலியில் இருக்கும் அதிகாரி வேறு என்பது அன்று புரிந்தது. அதே அதிகாரியின் நீதிமன்றத்தில்தான் இனி வழக்காட வேண்டும் என்ற நிலை.

1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அது கணக்கு வழக்கு. கணக்கோ இவருக்குத் தெரியாது. புத்தகம் வாங்கிக் கணக்குப்பதிவு படித்தார். ஆவணங்களைக் கரைத்துக் குடித்தார். உறவினர்களான இரு தரப்பையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்க வைத்தார். தோற்றவர் நொடித்துப் போகாதபடி தவணைக்கும் வழி செய்தார். எனக்குத் தெரிந்து அவர் சம்பாதித்த முதல் உண்மையான தொழில் உறவு இதுதான்.

மறு ஆண்டு நேட்டாலில் வழக்கறிஞராகப் பதிய மனுச் செய்தபோது, வெள்ளையரின் சட்டச் சங்கம் எதிர்த்தது. மனுவை முன்மொழிந்தவர் அட்டர்னி ஜெனரல் ஹாரி எஸ்கோம்ப். தாதா அப்துல்லா நிறுவனத்தின் சட்ட ஆலோசகரும் அவரே. எதிர்ப்பை நீதிமன்றம் தள்ளியது.

சில மாதங்களில், முதலாளி அடித்ததில் பல் உடைந்து, வாயில் இரத்தத்தோடு பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி அவர் அலுவலகத்துக்கு வந்தார். காந்தியின் தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்தார். பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார். செய்தி தோட்டந்தோட்டமாகப் பரவி, சென்னை வரை எட்டியது.