பட்டம் துறந்த தலைவர்: செரெட்சே காமா

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் செரோவே என்றோர் ஊர் உண்டு. 1921ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அவ்வூரில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு நான்கு வயதிலேயே பட்டம் வந்து சேர்ந்தது. தந்தை இறந்துவிட, பங்வாட்டோ இனக்குழுவின் 'கோசி'யாக, அதாவது பரம்பரைத் தலைவராக அச்சிறுவன் அறிவிக்கப்பட்டான். அவன் வளர்ந்து பொறுப்பேற்கும் வரை சிற்றப்பா செக்கேடி ஆட்சியை நடத்தினார். அச்சிறுவனே பின்னாளில் போட்ஸ்வானா நாட்டின் முதல் அதிபரான செரெட்சே காமா.

கோசி என்றால் வெறும் அலங்காரப் பதவி என்று நாம் எண்ணிவிடக் கூடாது. யாருக்கு எந்த நிலம், எவர் எங்கே உழலாம், எங்கே மாடு மேய்க்கலாம் என்று முடிவு செய்பவர் அவரே. வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குவதும் அவரே. உரிமையாளர் தெரியாமல் அலையும் மாடுகள்கூட அவருடைய கணக்கில்தான் சேரும். இளைஞர்களை வயது வாரியாகப் படையணிகளாகத் திரட்டி, கூலியின்றி வேலை வாங்கவும் அவருக்கு உரிமை இருந்தது. 1940களில் செக்கேடி கட்டிய மொயெங் கல்லூரி அப்படி எழுந்ததுதான். கல்லூரி கிடைத்தது உண்மை. ஆனால், கல் சுமந்தவர்களின் முணுமுணுப்பும் உண்மை.

இவ்வளவு அதிகாரத்துக்கும் ஒரு கடிவாளம் இருந்தது. அதன் பெயர் 'கோட்லா'. நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் போன்ற திறந்தவெளிச் சபை. தலைவர் கடைசியாகத்தான் பேசுவார். அதற்கு முன் ஆண்கள் எல்லாரும் தங்கள் கருத்தைச் சொல்லலாம். ஆண்கள் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்ந்தவர்களாகக் கருதப்பட்ட சிறுபான்மைக் குழுவினருக்கும் அங்கே குரல் இல்லை.

செரெட்சே தென்னாப்பிரிக்காவில் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் பட்டம் பெற்று, 1945இல் மேற்கல்விக்காக இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்ஃபோர்டிலும் பிறகு இலண்டனிலும் பயின்றார். 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். அதுவே பெரும் புயலைக் கிளப்பியது. இனத்தைக் கேட்காமல் வருங்காலத் தலைவர் மணம் புரிவதா என்று கொதித்தார் செக்கேடி. செரோவேயின் கோட்லாவில் இந்த விவகாரம் மூன்று முறை கூட்டம் போட்டுப் பேசப்பட்டது. முதலில் எதிர்ப்பே மேலோங்கியது. ஆனால் 1949ஆம் ஆண்டு ஜூன் மாதக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று அவரையும் அவர் மனைவியையும் ஏற்றுக்கொண்டனர். வாக்குச் சீட்டு இல்லாமலேயே நடந்த தேர்தல் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

மக்கள் ஏற்றாலும் பிரிட்டன் ஏற்கவில்லை. கலப்புத் திருமணத்தை அதே ஆண்டில் சட்டம் போட்டுத் தடுத்த தென்னாப்பிரிக்காவைப் பகைத்துக்கொள்ள அது விரும்பவில்லை. 1950இல் பேச்சுவார்த்தைக்கென்று இலண்டனுக்கு அழைத்து, அவர் தாயகம் திரும்பத் தடை விதித்தது. வேறொரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்று அதிகாரிகள் கேட்டபோது பங்வாட்டோ மக்கள் மறுத்துவிட்டனர். 1956இல்தான் அவர் ஊர் திரும்பினார். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் தலைமைப் பட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சாதாரணக் குடிமகனாக.

அதன் பிறகு அவர் செய்ததுதான் வியப்புக்குரியது. 1962இல் தோழர்களுடன் சேர்ந்து ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். 1965ஆம் ஆண்டு மார்ச் மாதத் தேர்தலில் 31 தொகுதிகளில் 28 அக்கட்சிக்கே கிடைத்தன. நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்ட அதே 1965ஆம் ஆண்டில்தான், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்களை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. தொடக்கப்பள்ளி, சாலை, குடிநீர், மருந்தகம் ஆகியவை மன்றங்களின் பொறுப்பாயின. 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நாடு சுதந்திரம் அடைந்தது. அலையும் மாடுகளின் வருமானமும் கோசிகளின் கையைவிட்டு மன்றங்களுக்குச் சென்றது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலம் வழங்கும் உரிமையை 1970 முதல் நிலக் கழகங்கள் ஏற்றுக்கொண்டன. மண்ணுக்கடியில் இருந்த கனிமங்களின் உரிமையும் இனக்குழுக்களிடமிருந்து அரசுக்கு மாறியது. 1967இல் ஒராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டபோது அது பங்வாட்டோ நிலமாகவே இருந்தது. பட்டத்தைத் துறக்காமல் இருந்திருந்தால் அந்த வைரம் யாருக்கு என்று எத்தனை சண்டை மூண்டிருக்கும்!

கோசிகளுக்கு என்ன மிஞ்சியது? மரபு வழக்கு மன்றம், கோட்லாவைக் கூட்டும் உரிமை, தலைநகர் கெபரோனில் ஆலோசனை கூற ஒரு தலைவர்கள் மன்றம், அரசாங்கச் சம்பளம். அமைச்சர் நினைத்தால் ஒரு கோசியைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யவும் முடியும்.

எல்லாரும் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பங்வக்கெட்சே இனத்தின் கோசி இரண்டாம் பத்தோன் 1928 முதல் ஆண்டவர். அதிகாரம் ஒவ்வொன்றாகக் கழன்று போவதைக் கண்டு மனம் கசந்து, 1969இல் அவரும் பட்டத்தைத் துறந்தார். செரெட்சேவுக்குத் துணை நிற்க அல்ல, எதிர்த்துப் போட்டியிட! எதிர்க்கட்சியின் சார்பில் நின்று, துணை அதிபர் குவெட் மசிரேவையே தோற்கடித்தார். மசிரே வேறு வழியில் நாடாளுமன்றம் புகுந்து பதவியைத் தக்கவைத்துக்கொண்டார் என்பது தனிக்கதை.

இங்கேதான் எனக்கு ஓர் உறுத்தல். கோசிகளின் அதிகாரத்தைக் குறைத்தவர் ஒரு கோசியின் மகன் என்பதால்தானே மக்கள் அதைச் சகித்துக்கொண்டார்கள்? செரோவேயில் அவருக்கு விழுந்த வாக்குகளில் கட்சிக்கு எத்தனை, பரம்பரைக்கு எத்தனை என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. மசிரேவைப் போன்ற சாதாரணக் குடும்பத்து மனிதர் அதே சட்டங்களைக் கொண்டுவந்திருந்தால் நாடு இரண்டுபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். எனினும், கோட்லாவில் வாய் திறக்க முடியாத ஒரு பெண் வாக்குச்சாவடியில் கோசிக்குச் சமமாக நின்றாள். அதை எந்தப் பரம்பரையும் அவளுக்குக் கொடுத்திருக்காது.

கோட்லாவை மட்டும் அவர் கைவிடவில்லை. புதிய திட்டம் எதுவானாலும் அமைச்சர்களும் அதிகாரிகளும் அந்தத் திறந்தவெளிக்கு வந்து விளக்க வேண்டும் என்ற பழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. அங்கே கூட்டத்தைக் கூட்டுபவர் கோசி, பதில் சொல்பவர் அமைச்சர்.

பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று 1956இல் அவர் எழுதிக் கொடுத்த அந்தப் பட்டத்தை, 1979இல் பங்வாட்டோ மக்கள் அவருடைய மூத்த மகன் இயனுக்குச் சூட்டினர். அதிபராக இருந்த தந்தை அதைத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 13ஆம் நாள், கணையப் புற்றுநோயால் செரெட்சே காலமானார். அவருடைய உடல் செரோவேக்குக் கொண்டுவரப்பட்டு, காமா பரம்பரைத் தலைவர்களின் கல்லறைகளுக்கு நடுவே அடக்கம் செய்யப்பட்டது.