விலை விழுந்தபோது வாங்கியவர்: ஜே. போல் கெட்டியின் கதை

2022இல் நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அதே ஆண்டில் உலகின் பெரிய எண்ணெய்க் கம்பனிகள் பில்லியன் கணக்கில் செலவழித்துத் தமது சொந்தப் பங்குகளையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கின. எங்கள் நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. அவர்களிடம், விலை ஏறியதால், குவிந்து கிடந்தது. இந்தக் கம்பனிகள் நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் பணத்தை எப்படிக் கையாளுகின்றன என்று தேடிப் படித்தபோதுதான் ஜே. போல் கெட்டியின் வாழ்க்கை என் கவனத்துக்கு வந்தது.

கெட்டி 1892இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் கெட்டி, சட்டத்தரணியாக இருந்து எண்ணெய்த் தொழிலுக்கு வந்தவர். மகன் 1914இல் ஒக்லஹோமாவில் எண்ணெய் தேடத் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் முதல் மில்லியன் டொலரைச் சம்பாதித்தார். 1930இல் தந்தை இறந்தபோது, ஏறக்குறைய 10 மில்லியன் டொலர் சொத்தில் மகனுக்குக் கிடைத்தது 5 இலட்சம் மட்டுமே. மகனின் அடுத்தடுத்த திருமணங்களும் மணமுறிவுகளும் தந்தைக்குப் பிடிக்கவில்லை. குடும்பக் கம்பனியின் கட்டுப்பாடு தாய் சாராவிடம் போனது.

மிக மோசமான காலம் அது. 1929இல் பங்குச் சந்தை சரிந்திருந்தது. 1930 ஒக்டோபரில் கிழக்கு டெக்சாஸில் மாபெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும், வாங்க ஆளில்லாமல் எண்ணெய் பெருகியது. 1931இல் அங்கு ஒரு பீப்பாயின் விலை 10 சதம் அளவுக்கு இறங்கியது.

எல்லோரும் செலவைச் சுருக்கிய அந்த நேரத்தில் கெட்டி வாங்கத் தொடங்கினார். அவருடைய கணக்கு எளிமையானது. கம்பனிகளின் பங்கு விலை, அவற்றிடம் இருந்த எண்ணெய், சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றின் பெறுமதிக்கும் கீழே போயிருந்தது. புதிதாகக் கிணறு தோண்டுவதைவிட, எண்ணெய் வைத்திருக்கும் கம்பனியின் பங்கை வாங்குவது மலிவு. பசிபிக் வெஸ்டர்ன் கம்பனியை அப்படித்தான் கைப்பற்றினார். 1932இல் தன்னைவிடப் பல மடங்கு பெரிய டைட் வாட்டர் கம்பனியின் பங்குகளை வாங்க ஆரம்பித்தார். கடன்பட்டு வாங்குவதைத் தாய் விரும்பவில்லை. ஆனாலும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பொறுமையாக வாங்கி அதையும் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

1949இல் சவூதி அரேபியாவுக்கும் குவைத்துக்கும் இடைப்பட்ட நடுநிலை வலயத்தில் எண்ணெய் தேடும் உரிமைக்காக, சவூதி மன்னருக்கு 9.5 மில்லியன் டொலர் முற்பணம் கொடுத்தார். 1953இல் அங்கே எண்ணெய் கிடைத்தது. 1957இல் 'போர்ச்சூன்' சஞ்சிகை அவரை அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வந்தர் என்றது.

அந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்தது. இங்கிலாந்தில் இருந்த தன் மாளிகையில் விருந்தினருக்குக் காசு போட்டுப் பேசும் தொலைபேசி வைத்தார். 1973இல் பேரன் ரோமில் கடத்தப்பட்டபோது, அவன் காது அறுக்கப்பட்ட பின்னரே பணம் கொடுக்க இணங்கினார். அதிலும் ஒரு பகுதியை மகனுக்கு வட்டிக் கடனாகவே கொடுத்தார். 1976இல் காலமானார்.

இன்றைய கம்பனிகள் நடப்பது தலைகீழாக. 2020 மார்ச்சில் எண்ணெய் விலை வீழ்ந்ததும் செவ்ரோன், பங்கு மீள்கொள்வனவை நிறுத்தி, முதலீட்டுச் செலவை 20 பில்லியன் டொலரிலிருந்து 16 பில்லியனாகக் குறைத்தது. அப்போது அதன் பங்கு ஒன்று 60 டொலருக்கும் கீழே இறங்கியிருந்தது. 2022 முடிவில் 170 டொலரைத் தாண்டியது. அந்த ஆண்டு 11 பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்துத் தன் பங்குகளை வாங்கியது. மலிவாக இருந்தபோது வாங்காததற்குக் காரணம் உண்டு. நெருக்கடியில் சம்பளம், கடன், பங்கிலாபம் மூன்றுக்கும் பணம் வேண்டும். முதலில் நிறுத்தக்கூடியது மீள்கொள்வனவுதான்.

கெட்டியைப் பலர் துணிச்சல்காரர் என்பார்கள். அவரிடம் துணிச்சலோடு கையில் பணமும் கடன் தர வங்கியும் இருந்தன. அவருக்குப் பங்கை விற்றவர்களில் பலர் வீட்டுச் செலவுக்காக விற்றிருப்பார்கள். இடம்பெயர்ந்தபோது நகையை வந்த விலைக்குக் கொடுத்த எங்கள் ஆட்களுக்கு அவர்களின் நிலையை விளக்கத் தேவையில்லை. அவர்கள் பெயர்களை எந்த வாழ்க்கை வரலாற்றிலும் நான் காணவில்லை.