தன் வாய்க்கால் தண்ணீரைத் தொடாதவர்

குழந்தைகளே, பவானி கூடுதுறைக்குப் போயிருக்கிறீர்களா? பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடம். எல்லோரும் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சற்றுத் தள்ளி, பவானி ஆற்றின் குறுக்கே ஒரு பழைய அணை இருக்கிறது. அதைக் கட்டியவர் காலிங்கராயர்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வெள்ளோடு அவரது ஊர். 13-ம் நூற்றாண்டில் கொங்கு நாட்டில் பெரிய தலைவராக விளங்கியவர். அந்தக் காலத்தில் காவிரி அருகிலேயே ஓடியும், மேட்டு நிலங்கள் காய்ந்து கிடந்தன. கம்பும் சோளமும்தான் விளையும். சம்பந்தம் பேசப் போன வீட்டில், கம்பு தின்பவருக்குப் பழைய அரிசி என்ன, புது அரிசி என்ன என்று சமையல்காரர் இளக்காரமாகப் பேசினாராம். தன் மண்ணிலும் நெல் விளைய வைப்பதாக அன்றே சபதம் செய்தார் என்பது கதை.

வேலை 1271-ல் தொடங்கி 1282-ல் முடிந்தது என்பார்கள். அணையில் நீர்மட்டத்தை உயர்த்தி, காவிரிக்கு இணையாக வாய்க்கால் வெட்டினார். அது நொய்யல் ஆறு வரை ஓடுகிறது. நேராகப் போனால் சுமார் 50 கி.மீ. தூரம்தான். வாய்க்காலின் நீளமோ சுமார் 90 கி.மீ.! ஏன் இத்தனை வளைவு?

ஒரு பாம்பு ஊர்ந்து வழிகாட்டியது என்று என் மாணவர்கள் பரீட்சையில் எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன். ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். மேட்டில் தண்ணீர் ஏறாது. பள்ளத்தில் இறங்கிவிட்டால் மறுபடி மேலே வராது. அதனால் நிலத்தின் சரிவைப் பார்த்துப் பார்த்து, வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. தண்ணீர் மெதுவாக நடந்து போகும். வழியெல்லாம் கிணறுகளும் ஊறும். வயலில் மிஞ்சிய நீர் சரிவில் வடிந்து காவிரிக்கே போய்விடும்.

வேலை முடிந்ததும் ஊர் வாய் சும்மா இருக்குமா? தன் குடும்பம் செழிக்கத்தான் வெட்டினார் என்று சிலர் பேசினார்களாம். அவர் மனம் நொந்தார். தானும் தன் வம்சத்தாரும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, குடும்பத்தோடு ஊத்துக்குளிக்குக் குடிபோனதாகச் சொல்கிறார்கள். வெண்ணெய்க்குப் பேர்போன திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளி இல்லை. இது பொள்ளாச்சிக்கு அருகே இருப்பது. அவர் வழியினர் அங்கே ஜமீன்தார்களாக இருந்தார்கள்.

வாய்க்கால் இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் பாய்கிறது. நெல், மஞ்சள், வாழை, கரும்பு எல்லாம் விளைகின்றன. இடையில் ஈரோட்டுப் பக்கம் தோல், சாயக் கழிவுகள் கலந்து தண்ணீர் கெட்டுப்போனது. அந்தக் கழிவு தனியே போவதற்காக, பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு வாய்க்கால் கட்டினார்கள். அதற்குப் பேபி வாய்க்கால் என்று பெயர்!