முந்திக் காணும் மருத்துவம்

1923ஆம் ஆண்டில் சுந்தரம்மாள் என்னும் இளம்பெண் நோயுற்று இறந்தார். அவருக்கு நேர்ந்த குடல்நோயைச் சீதபேதி என்று கருதியே மருத்துவர்கள் நெடுநாள் மருந்து கொடுத்துவந்தனர். அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் எனத் தெளிந்தபோது, மருத்துவம் பயன் தரும் காலம் கடந்துபோயிருந்தது. மருத்துவ வசதியற்ற குடும்பத்தில் நேர்ந்த இறப்பன்று இது. சுந்தரம்மாளின் தமக்கையே ஒரு மருத்துவர். தமையன் முறை கொண்டாடத்தக்க அத்தானும் மருத்துவர். அவ்வாறிருந்தும் நோய் வேறொரு நோயின் உருவில் மறைந்து வளர்ந்தது. அந்தத் தமக்கைதான் முத்துலட்சுமி.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையரின் மகளாகப் பிறந்தார். பெண்கள் எழுத்தறிவதே அரிதாயிருந்த அந்நாளில், ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தரரெட்டியை மணந்தார். சென்னைச் சட்ட மேலவையின் துணைத்தலைவராக அவர் ஆற்றிய பணியும், தேவதாசி முறையை ஒழிக்க நடத்திய போராட்டமும், 1930இல் நிறுவிய அவ்வை இல்லமும் தனிப்பாடங்களாக விரியத்தக்கவை. அவற்றைவிடக் குறைவாகப் பேசப்படுவது, தங்கையின் இறப்புக்குப்பின் அவர் முப்பது ஆண்டுகள் விடாது சுமந்த ஒரு நோக்கமாகும்.

1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற அவர், இலண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிய மருத்துவமனையிலும் பயிற்சி பெற்றார். அத்தகைய மருத்துவமனை ஒன்று தம் மண்ணிலும் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாக் கொண்டாடியபோது அவ்வெண்ணத்தை அவையோர்முன் வெளிப்படுத்தினார். ஆதரவு எளிதில் கிட்டவில்லை. புற்றுநோய் வந்தவர் இறப்பது உறுதி. அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை வீண்செலவு என்னும் கருத்து மக்களிடம் மட்டுமன்றி ஆட்சியாளரிடமும் மருத்துவரிடமும் நிலவியது.

இக்கருத்து எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். நோயாளிகள் நோய் முற்றியபின்னரே வந்தனர். ஆகவே பெரும்பாலோர் இறந்தனர். இறப்பையே கண்ட மக்கள், இந்நோய்க்கு மருந்தில்லை என்று நம்பினர். மருந்தில்லா நோய்க்கு மருத்துவரை ஏன் நாடவேண்டும் என்று வாளாவிருந்தனர். மீண்டும் காலங்கடந்தே வந்தனர். செக்குமாடு போலச் சுற்றிய இந்த நம்பிக்கையை உடைக்கச் சொற்பொழிவு போதாது. காலத்தே வந்தவர் பிழைத்து வீடு திரும்புவதை ஊரார் காணவேண்டும். அதற்கோர் இடம் தேவைப்பட்டது.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின்வழிப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. 1952இல் தலைமையமைச்சர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டபோது அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. நிறுவனருக்கோ அகவை அறுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த மருத்துவர் சாந்தாவும் நிலையத்தைத் தாங்கி வளர்த்தனர்.

நோயாளி வரட்டும் என்று நிலையம் காத்திருக்கவில்லை. 1960களில் அதன் மருத்துவர்கள் காஞ்சிபுரம் வட்டாரத்துக்குச் சென்று, வாயிலும் கருப்பை வாயிலும் தோன்றும் புற்றுநோய்களைத் தேடினர். நலமாயிருப்பதாக எண்ணும் ஒருவரையும் ஆராய்ந்து பார்ப்பதே முற்சோதனை. கருப்பை வாயில் உயிரணுக்கள் மாறுபடத் தொடங்கியபின் அது புற்றுநோயாக முதிரப் பெரும்பாலும் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகும். அவ்விடைவெளியே மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. முத்துலட்சுமி இலண்டனில் பயின்ற நாளில் இவ்வணுக்களை உருப்பெருக்கியில் கண்டறியும் முறை வழக்கத்துக்கு வரவில்லை. பாப்பனிகோலாவு என்னும் அறிஞரின் அம்முறை 1940களில்தான் பரவலாக ஏற்கப்பட்டது. இன்று அதனினும் எளிய முறையும் உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாறுபட்ட பகுதி ஓரிரு நிமிடங்களில் வெளிறித் தோன்றும். பயிற்சி பெற்ற செவிலியரே அதனைக் கண்டுவிடுவார். வாய்ப்புற்றைக் காண நல்ல வெளிச்சமும் தேர்ந்த கண்களும் போதும்: வெண்திட்டு, செந்திட்டு, மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றை ஐயுறவேண்டும். மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாமையே பலரையும் ஏமாற்றிவிடுகிறது. சுந்தரம்மாளுக்கு நேர்ந்தது போன்ற குடல்நோயில், மலத்தில் குருதி தொடர்ந்து தென்பட்டால் மூலம் என்றோ சீதபேதி என்றோ தாமே முடிவுசெய்யாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

1956இல் பத்மபூசண் விருது பெற்ற முத்துலட்சுமி 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு 2019 முதல் மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது.

அடையாற்றில் அவர் தொடங்கிய தேடல் இன்று மாநிலத்தின் கடலோரங்களையும் எட்டியுள்ளது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் மீன்கூடை சுமக்கும் ஒரு பெண், முப்பது அகவை நிரம்பியிருப்பின், சென்னைக்குப் பயணம் செய்யாமலே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கருப்பை வாய், மார்பகச் சோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முப்பது முதல் நாற்பத்தொன்பது அகவை வரையுள்ள பெண்களுள் கருப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. இந்திய மாநிலங்களுள் அதுவே மிக உயர்ந்த அளவு.