அம்மையை வென்ற கிராமத்து டாக்டர்

குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் சிரிக்கிறாள்!

இது என்ன வேடிக்கை என்று கேட்கிறீர்களா?

வேடிக்கை அல்ல. குழந்தைக்கு அப்போதுதான் தடுப்பு ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி வலி குழந்தைக்கு. நிம்மதி தாய்க்கு. "இனி பயம் இல்லை" என்ற நிம்மதி!

புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களில் இந்தக் காட்சியைக் காணலாம். அப்பா தொழிற்சாலை வேலைக்குப் போயிருப்பார். அம்மா, பாட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வருவாள்.

அந்தப் பாட்டியின் கையைப் பாருங்கள். தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அது அம்மை குத்திய தழும்பு.

அந்தத் தழும்புக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் எட்வர்டு ஜென்னர்.

வேப்பிலையும் வேண்டுதலும்

ஜென்னர் வாழ்ந்த காலத்தில் உலகத்தையே நடுங்க வைத்த நோய் பெரியம்மை.

அம்மை கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்து போனார்கள். பிழைத்தவர்களுக்கு முகம் எல்லாம் தழும்பு. பலருக்குக் கண் பார்வையே போய்விட்டது.

நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். புதுவாயலுக்கு மேற்கே பெரியபாளையத்தில் பவானி அம்மன் கோவில் இருக்கிறது. வேப்பஞ்சேலை உடுத்தி அங்கே நேர்த்திக்கடன் செலுத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பு எந்த நாட்டுத் தாய்க்கும் ஒன்றுதான்.

தாய் தந்தையை இழந்தவர்

ஜென்னர் 1749-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி, இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார்.

ஜென்னருக்கு ஐந்து வயது ஆனபோது, தாயும் தந்தையும் ஒரே ஆண்டில் இறந்து போனார்கள். அண்ணன்தான் அவரை வளர்த்தார்.

எட்டு வயதில் அவருக்கு ஒரு சோதனை வந்தது.

அந்தக் காலத்தில் பெரியம்மையைத் தடுக்க ஒரு பழைய முறை இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்தில் இருந்து சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். லேசாக அம்மை போடும். பிறகு வராது. துருக்கியிலும், இந்தியாவின் சில பகுதிகளிலும் இந்த முறை இருந்தது.

ஆனால் அது ஆபத்தான முறை. சிலருக்குக் கடுமையாகவே அம்மை போட்டு, உயிர் போய்விடும். அவர்களிடம் இருந்து மற்றவர்களுக்கும் தொற்றும்.

சிறுவன் ஜென்னருக்கு இந்த முறையில்தான் அம்மை குத்தினார்கள். அதற்கு முன் பல நாள் பட்டினி போட்டார்கள். உடம்பில் இருந்து ரத்தத்தையும் எடுத்தார்கள். பிறகு, அம்மை குத்திய மற்ற பிள்ளைகளோடு ஒரு தொழுவத்தில் அடைத்து வைத்தார்கள்.

பையன் பிழைத்தான். ஆனால் அந்தக் கொடுமையை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

பால்காரப் பெண்களின் ரகசியம்

வைத்தியம் படிக்க ஆசைப்பட்ட ஜென்னர், சிறு வயதிலேயே ஒரு டாக்டரிடம் சேர்ந்து வேலை பழகினார். 21-வது வயதில் லண்டனுக்குப் போய், ஜான் ஹண்டர் என்ற பெரிய டாக்டரிடம் படித்தார்.

படிப்பு முடிந்தது. லண்டனிலேயே இருந்தால் பேரும் பணமும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் சொந்த ஊருக்கே திரும்பினார்.

பெர்க்லியைச் சுற்றி மாட்டுப் பண்ணைகள் அதிகம். பசுவின் மடியில் சில சமயம் கொப்புளம் வரும். பால் கறக்கும் பெண்களின் கையிலும் அது தொற்றிக்கொள்ளும். சில நாளில் ஆறிவிடும். இதற்குப் பசு அம்மை என்று பெயர்.

பசு அம்மை வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்று கிராமத்தில் ஒரு பேச்சு இருந்தது. படித்தவர்கள் அதை நம்பவில்லை.

ஆனால் நம்பியவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி, 1774-ம் ஆண்டிலேயே தன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பசு அம்மையைக் குத்தினார். ஊரார் ஏசினார்கள். அது அதோடு நின்றுவிட்டது.

ஜென்னர் அந்தக் கிராமத்துப் பேச்சை ஒதுக்கித் தள்ளவில்லை. பல ஆண்டுகள் விசாரித்தார். குறிப்பு எடுத்தார்.

துணிச்சலான சோதனை

1796-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி.

சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையில் பசு அம்மைக் கொப்புளம் இருந்தது. அதில் இருந்து எடுத்த நீரை, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார் ஜென்னர். ஜேம்ஸ், தோட்ட வேலை செய்த ஏழைத் தொழிலாளியின் மகன்.

ஒன்பதாம் நாள் பையனுக்குக் குளிர் கண்டது. தலை வலித்தது. மறுநாள் சரியாகிவிட்டது.

பிறகுதான் பெரிய சோதனை. ஜூலை மாதம் முதல் தேதி, உண்மையான பெரியம்மைச் சீழை எடுத்து அதே பையனுக்குக் குத்தினார்.

இன்றைய சட்டப்படி எந்த டாக்டரும் ஒரு குழந்தையிடம் இப்படிச் சோதனை செய்ய முடியாது. அன்றோ பழைய முறையில் பெரியம்மைச் சீழைக் குத்துவது சகஜமாக இருந்தது. ஆனாலும், பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

நாட்கள் ஓடின. ஜேம்சுக்கு அம்மை வரவில்லை. சில மாதம் கழித்து மீண்டும் குத்தினார். அப்போதும் வரவில்லை!

ஜென்னர் வெற்றி பெற்றுவிட்டார்.

தன் மகன் ராபர்ட்டுக்கும் அவர் பசு அம்மை குத்தினார். அப்போது அது 11 மாதக் குழந்தை. ஆனால் ராபர்ட்டுக்கு அம்மைப்பால் பிடிக்கவில்லை. இதையும் மறைக்காமல் தன் புத்தகத்தில் எழுதினார். அந்தப் புத்தகம் 1798-ம் ஆண்டு வெளிவந்தது.

கேலியும் புகழும்

பலர் எதிர்த்தார்கள். அம்மை குத்திக்கொண்டவர்களின் உடம்பில் மாடு முளைப்பது போலக் கேலிச் சித்திரம் போட்டார்கள்.

ஜென்னர் கலங்கவில்லை. தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஒரு குடிலில், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் அம்மை குத்தினார்.

இங்கிலாந்து பாராளுமன்றம் 1802-ல் அவருக்கு 10 ஆயிரம் பவுனும், 1807-ல் 20 ஆயிரம் பவுனும் பரிசு அளித்தது. ஜேம்ஸ் பிப்ஸ் வளர்ந்து பெரியவன் ஆனதும், அவன் குடியிருக்க ஒரு வீடு கொடுத்தார் ஜென்னர்.

கை விட்டுக் கை மாறி

அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்த கதை வியப்பானது.

கப்பலில் அனுப்பிய அம்மைப்பால் வெயிலில் கெட்டுப்போனது. அதனால், ஒருவர் கையில் குத்தி, அந்தக் கொப்புளத்தில் இருந்து எடுத்து அடுத்தவருக்குக் குத்தி, பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கொண்டுவந்தார்கள்.

1802-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தினார்கள். இந்தியாவில் அம்மைப்பால் பிடித்த முதல் குழந்தை அதுதான். அந்தக் குழந்தையின் கையில் இருந்து தொடங்கி, சென்னைக்கும் அது வந்து சேர்ந்தது.

நன்றியாக, சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் இருந்து ஜென்னருக்கு நன்கொடை போயிற்று. பிற்காலத்தில், 1899-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மைப்பால் தயாரித்தார்கள்.

தீராத துயரம்

உலகத்துப் பிள்ளைகளைக் காத்தவருக்குத் தன் மூத்த மகனைக் காக்க முடியவில்லை. 1810-ம் ஆண்டு அவன் காச நோயால் இறந்தான். 1815-ல் மனைவி கேதரினும் அதே நோயால் இறந்தார். காச நோய்க்கு அன்று தடுப்பு ஊசி இல்லை.

1823-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஜென்னர் காலமானார். அவருக்கு வயது 73.

பெரியம்மை இந்தியாவில் 1975-ம் ஆண்டு மறைந்தது. 1980-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி, உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார சபை அறிவித்தது.

அதனால்தான் புதுவாயல் குழந்தைக்கு இன்று பெரியம்மை ஊசி இல்லை. பிறந்தவுடன் காச நோய்க்கு ஊசி, போலியோவுக்குச் சொட்டு மருந்து, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கு ஊசி என்று மற்றவை உண்டு. இவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் வாக்சின் என்ற பெயர், பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது.

பாட்டியின் கையில் உள்ள வட்டத் தழும்பு பேரக் குழந்தைக்கு இல்லை. பேரக் குழந்தைக்கு அது தேவையும் இல்லை.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த ஊசிக்கு உரிய தேதியைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறாள்.