கொள்வோர் உள்ளம் அறிந்த வாக்கர் அம்மையார்

சிறுவணிகம் தழைக்க முதலீடு வேண்டும். தரமான பொருள் வேண்டும். நேர்மையான விலையும் வேண்டும். இவற்றினும் முதன்மையானது, பொருளை வாங்குவோர் யாவர், அவர்தம் தேவை யாது என்னும் தெளிவாகும். பெருநிறுவனங்கள் மிகுந்த செலவில் ஆராய்ந்து அறிவதைச் சிறுவணிகர் தம் பட்டறிவால் அறிந்துகொள்ள இயலும். அவ்வாறு அறிந்து உயர்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர், அமெரிக்க நாட்டைச் சேர்ந்த மேடம் சி.ஜே. வாக்கர் ஆவார்.

வறுமையில் கழிந்த இளமை

வாக்கர் அம்மையாரின் இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் லூசியானா மாநிலத்திலுள்ள டெல்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்கள். அடிமைமுறை ஒழிந்தபின் அக்குடும்பத்தில் பிறந்த முதல் குழந்தை சாராவே. ஏழு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தார். 14ஆம் வயதில் மணம் முடித்து, 20ஆம் வயதில் கணவரை இழந்தார். அப்போது அவருடைய மகளுக்கு வயது இரண்டு.

முடிதிருத்தும் தொழில் செய்துவந்த தமையன்மாரை நாடிச் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். அங்குப் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர் ஈட்டினார். அச்சிறு வருவாயைக் கொண்டே மகளைப் படிக்கவைத்தார்.

தன் துன்பத்தில் பிறந்த தெளிவு

அந்நாளில் சாராவின் தலைமுடி பெருமளவில் உதிரத் தொடங்கியது. அது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் அன்று. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் குழாய்நீர் இல்லை; தலை குளிப்பதே அரிதாக இருந்தது. காரம் மிகுந்த சவர்க்காரமும் சத்தற்ற உணவும் தலையின் தோலை நலிவுறச் செய்தன. ஆயினும், அங்காடிகளில் விற்ற கூந்தல் பொருள்களுள் பல வெள்ளையினப் பெண்களையே கருத்திற்கொண்டு செய்யப்பட்டவை.

சாரா முதலில், ஆனி மலோன் என்னும் கறுப்பினப் பெண் தொழில்முனைவோரின் கூந்தல் பொருள்களை விற்கும் முகவராகப் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டு டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு, சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்து, அவர் பெயரோடு மேடம் என்னும் மதிப்புச்சொல்லையும் சேர்த்துக்கொண்டு, கந்தகம் கலந்த களிம்பு ஒன்றைத் தாமே செய்து விற்கலானார். கறுப்பினப் பெண்களை வெள்ளையர் மதிப்பின்றிப் பெயர் சொல்லி அழைத்த காலம் அது. களிம்புக் குப்பிகளில் தம் உருவப்படத்தையே அச்சிட்டார். வாங்கும் பெண்கள், தம்மைப் போன்ற ஒருத்தியின் முகத்தை அப்படத்தில் கண்டனர்.

இல்லந்தோறும் வணிகம்

கடையில் அமர்ந்து, வருவோர்க்காக அவர் காத்திருக்கவில்லை. தென்மாநிலங்களில் ஊர் ஊராகப் பயணம் செய்தார். வீடுகளிலும் தேவாலயங்களிலும் பெண்களைச் சந்தித்தார். அவர்தம் குறைகளைக் கேட்டார். தலையைத் தூய்மை செய்யும் முறையையும் களிம்பிடும் முறையையும் நேரில் செய்துகாட்டினார். தொலைவில் இருந்தோர்க்கு அஞ்சல்வழியே பொருள்களை அனுப்பினார். கறுப்பின மக்கள் படித்த இதழ்களில் விளம்பரம் செய்தார். 1908ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் பயிற்சிக்கல்லூரி ஒன்றை நிறுவினார். 1910ஆம் ஆண்டு, இருப்புப்பாதைகள் பல கூடும் இண்டியானாபொலிஸ் நகரைத் தம் தொழிலுக்குத் தலைமையிடமாக்கி, அங்குத் தொழிற்கூடமும் அமைத்தார்.

வாங்குவோரே விற்போராதல்

தம்மிடம் பொருள் வாங்கும் பெண்களின் மற்றொரு தேவையையும் அம்மையார் உணர்ந்திருந்தார். வெளுப்பதும் சமைப்பதும் வயலில் உழைப்பதும் தவிர, அவர்களுக்கு வேறு வேலை கிடைப்பது அரிது. எனவே, அவர்களுக்குப் பயிற்சி அளித்து விற்பனை முகவர்களாக்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் தம் காலில் நிற்கும் வாழ்வைப் பெற்றனர். 1917ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடந்த முகவர் மாநாட்டில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். மிகுதியாக விற்றோர்க்கு மட்டுமன்றி, மிகுதியாக அறப்பணி செய்தோர்க்கும் அங்குப் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வளர்ச்சி தடையின்றி வாய்க்கவில்லை. 1912ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய கறுப்பின வணிகர் மாநாட்டில் அவருக்குப் பேச வாய்ப்பு மறுக்கப்பட்டது. இறுதி நாளில் தாமே எழுந்து நின்று தம் வரலாற்றை எடுத்துரைத்தார். மறு ஆண்டு அம்மாநாடே அவரைச் சிறப்புரையாற்ற அழைத்தது. வெள்ளையினப் பெண்களைப்போல முடியை நேராக்கத் தூண்டுகிறார் என்றும் சிலர் குறை கூறினர். கூந்தலின் நலமே தம் நோக்கம் என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

ஈட்டிய பொருளைக் கல்விக்கும், கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையை எதிர்த்த இயக்கத்திற்கும் வாரி வழங்கினார். 1919ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், தம் 51ஆம் வயதில் மறைந்தார். நிறுவனத்தின் எதிர்கால நிகர வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்கே சேரவேண்டும் எனத் தம் இறுதிமுறியில் எழுதிவைத்திருந்தார்.

தன் முயற்சியால் பெருஞ்செல்வம் ஈட்டிய முதல் அமெரிக்கப் பெண்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார். வெளுக்கும் தொட்டியின் முன் நின்ற நாள்களில் தாம் பட்ட குறையே, பிறர் குறையை அறியும் அறிவாக அவருக்கு அமைந்தது. வாங்குவோரை விலைகொடுக்கும் கையாக மட்டும் காணாமல், வாழ விரும்பும் மனிதராகக் கண்டமையே அவருடைய வணிகத்தின் முதலாயிற்று.