ஜேம்ஸ் டெய்லர் (தேயிலைத் தோட்டக்காரர்)

ஜேம்ஸ் டெய்லர் (மார்ச் 29, 1835 - மே 2, 1892) இலங்கையில் வணிக நோக்கிலான தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கி வைத்த ஸ்காட்லாந்து நாட்டவர் ஆவார். கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டப் பகுதியில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867 ஆம் ஆண்டு சுமார் 19 ஏக்கர் நிலத்தில் இவர் பயிரிட்ட தேயிலையே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவர் ஒரே தோட்டத்தில் வாழ்ந்து, அதன் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற பயிரையும் அதைப் பதப்படுத்தும் முறையையும் கண்டறிந்தார். இவர் தொடங்கிய பயிர் மாற்றம் இலங்கையின் பொருளாதாரத்தை மாற்றியதோடு, தமிழகத்திலிருந்து சென்ற இலட்சக்கணக்கான மக்களின் வாழ்க்கையையும் மலைநாட்டோடு பிணைத்தது.

இளமைக் காலம்

டெய்லர் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர் பகுதியில் ஓகின்பிளே என்னும் ஊருக்கு அருகில் உள்ள மாஸ்பார்க்கில் பிறந்தார். இவரது தந்தை மைக்கேல் டெய்லர் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார் மார்கரெட் மொய்ர், டெய்லர் சிறுவனாக இருந்தபோதே காலமானார். படிப்பில் தேர்ந்த மாணவரான டெய்லர், பதின்ம வயதிலேயே பள்ளியில் மாணவ ஆசிரியராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் விரைவாகப் பெருகிக் கொண்டிருந்தன. அவற்றுக்கு மேற்பார்வையாளர்களாக ஸ்காட்லாந்து இளைஞர்கள் பலர் சேர்க்கப்பட்டனர். டெய்லரும் ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியத்தில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, உறவினர் ஹென்றி ஸ்டீவனுடன் கப்பலேறினார். 1852 பிப்ரவரியில் கொழும்பை அடைந்தபோது அவருக்குப் பதினேழு வயது நிறைவடையவில்லை. சில வாரங்கள் நாரங்ஹேன தோட்டத்தில் இருந்த பின், லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

காப்பியும் சிங்கோனாவும்

டெய்லர் வந்தபோது லூல்கந்துர பெரும்பாலும் காடாக இருந்தது. காட்டை வெட்டி எரித்து, சரிவுகளில் பாதை அமைத்து, காப்பி நடுவதே அவரது முதற்பணி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் அமைந்த இந்நிலம் செங்குத்தான சரிவுகளைக் கொண்டது. மரங்கள் இல்லாத சரிவில் பருவமழை பெய்யும்போது மேல்மண் கரைந்து ஓடிவிடும். காப்பித் தோட்டங்களில் களையே இல்லாதபடி நிலத்தைச் சுரண்டி வைப்பது வழக்கமாக இருந்ததால் இந்த இழப்பு மிகுதியாக இருந்தது.

காப்பியை மட்டும் நம்பியிராமல் மாற்றுப் பயிர்களையும் டெய்லர் முயன்று பார்த்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கிறது. 1860களில் இம்மரத்தைத் தோட்டப் பயிராக வளர்த்து வெற்றி கண்ட முதல் சிலருள் டெய்லரும் ஒருவர். பின்னாளில் ஜாவாவிலிருந்து பெருமளவில் பட்டை வரத் தொடங்கியதால் விலை வீழ்ந்து, இலங்கையில் சிங்கோனா கைவிடப்பட்டது.

1869 ஆம் ஆண்டு இலங்கைக் காப்பியில் இலைத் துரு நோய் காணப்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சையால் உண்டாகும் இந்நோய், ஈரமும் மிதவெப்பமும் உள்ள இடங்களில் வேகமாகப் பரவக்கூடியது. மலைநாடு முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்டிருந்ததும் நோய்க்கு வாய்ப்பாயிற்று. இலைகள் உதிர்ந்த செடிகள் காய்ப்பதை நிறுத்தின. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்த காப்பிப் பயிர் சில ஆண்டுகளிலேயே அழிவை நோக்கிச் சென்றது. தோட்டக்காரர்கள் பலர் கடனாளிகளாகி நாட்டை விட்டு வெளியேறினர். காப்பிக்கு ஏற்றிருந்த அதே மழையும் ஈரமும் காப்பியை அழித்த நோய்க்கும் ஏற்றவையாக இருந்தன.

தேயிலைப் பயிர்ச்செய்கை

இலங்கைக்குத் தேயிலைச் செடியை முதன்முதலில் கொண்டுவந்தவர் டெய்லர் அல்லர். 1824 இல் சீனத்துச் செடியும், 1839 இல் அசாம் விதைகளும் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்திருந்தன. 1841 இல் மோரிஸ் டி வார்ம்ஸ் என்பவர் புசல்லாவையில் உள்ள தமது ரோத்ஸ்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலையை நட்டார். ஆனால் செலவு அதிகமாக இருந்ததால் அம்முயற்சி வணிகமாக வளரவில்லை.

1860களின் நடுப்பகுதியில் டெய்லர் பேராதனையிலிருந்து பெற்ற தேயிலை விதைகளைத் தோட்டப் பாதைகளின் ஓரத்தில் நட்டு, அவை எவ்வாறு வளர்கின்றன என்பதைக் கவனித்தார். தோட்ட உரிமையாளர்கள் அசாம் கலப்பின விதைகளை வரவழைத்தபோது, அவற்றைப் பயிரிடும் பொறுப்பு டெய்லரிடம் தரப்பட்டது. இதன் பயனாக 1867 இல் தோட்டத்தின் ஏழாம் எண் நிலத்தில் தேயிலை பயிரானது. துரு நோய் காணப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. காப்பி வீழ்ந்தபோது மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள, வளர்ந்த ஒரு தேயிலை நிலம் லூல்கந்துரவில் இருந்தது.

மண்ணும் காலநிலையும்

ஒரே வகைத் திராட்சைக் கொடி வெவ்வேறு நிலங்களில் வெவ்வேறு சுவையுள்ள வைனைத் தருவது ஐரோப்பாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. மண், சரிவு, உயரம், வெயில், மழை ஆகிய அனைத்தும் சேர்ந்து விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையைப் பிரெஞ்சு மொழியில் தெர்வார் என்பர். தேயிலையிலும் இத்தன்மை தெளிவாகக் காணப்படுகிறது. ஆயினும் இரு பயிர்களின் தேவைகள் வேறானவை. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் திராட்சை சுண்ணாம்பு மண்ணில் செழிக்கிறது. தேயிலையோ சுண்ணாம்பு மண்ணை ஏற்பதில்லை. அதற்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். அமில காரக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருப்பது ஏற்றது. வேரடியில் நீர் தேங்கக் கூடாது, ஆனால் மண்ணில் ஈரம் வற்றவும் கூடாது. மழையால் கரைக்கப்பட்டுச் செம்மஞ்சள் நிறம் பெற்ற இலங்கை மலைச்சரிவு மண்ணில் இவை இயல்பாகவே அமைந்திருந்தன.

உயரம் மற்றொரு காரணியாகும். குளிர்ந்த உயர்நிலத்தில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் மிகுந்தும், தேநீர் இளநிறமாகவும் இருக்கும். வெப்பமான தாழ்நிலத்தில் வளர்ச்சி வேகமாக இருப்பதால் விளைச்சல் கூடும், தேநீர் அடர்ந்த நிறமும் திடமும் பெறும். இதன்படி இலங்கைத் தேயிலை மூன்றாகப் பிரிக்கப்படுகிறது.

- தாழ்நிலத் தேயிலை: 600 மீட்டர் வரை
- இடைநிலத் தேயிலை: 600 முதல் 1200 மீட்டர் வரை
- உயர்நிலத் தேயிலை: 1200 மீட்டருக்கு மேல்

காற்றும் சுவையை மாற்றுகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து உலர்ந்த காற்றாக ஊவாப் பகுதியில் இறங்குகிறது. கிழக்குக் கரையில் இக்காற்றைக் கச்சான் என்பர். வறட்சியில் செடியின் வளர்ச்சி தளர்வதால் கொழுந்தில் மணப் பொருள்கள் செறிகின்றன. ஊவாத் தேயிலையின் சிறந்த பருவம் இதுவே. மேற்குச் சரிவில் உள்ள திம்புள்ளைக்கு நேர்மாறாக, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் தை, மாசி மாதங்கள் வறண்டவை. ஆகவே அங்கு அக்காலமே சிறந்த பருவம். ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்கள் ஆண்டின் இரு வேறு காலங்களில் தம் சிறந்த தேயிலையைத் தருகின்றன.

பதப்படுத்தும் முறை

நல்ல கொழுந்து கிடைத்தாலும் அதைப் பதப்படுத்தும் அறிவு அப்போது இலங்கையில் இல்லை. அசாமின் கச்சார் பகுதியிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரரிடம் டெய்லர் தொடக்கப் பாடங்களைக் கற்றார். தம் பங்களாவின் தாழ்வாரத்தையே தொழிற்சாலையாக்கினார். அங்கு மேசைகளின் மேல் கொழுந்தை வைத்துத் தொழிலாளர்கள் கைகளால் தேய்த்து உருட்டினர். உருட்டிய இலை களிமண் அடுப்புகளில், கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளில் உலர்த்தப்பட்டது.

பதப்படுத்தலில் நான்கு படிகள் உண்டு. பறித்த கொழுந்து முதலில் வாட்டப்படுகிறது. பின்னர் உருட்டப்படும்போது இலையின் திசுக்கள் சிதைந்து சாறு வெளிப்படுகிறது. அச்சாறு காற்றில் உள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து செம்பு நிறம் அடைகிறது. இறுதியில் சூட்டினால் இம்மாற்றம் நிறுத்தப்படுகிறது. ஈரமான நாளில் இலை வாட நெடுநேரம் ஆகும். வெப்பமான நாளில் நிறமாற்றம் விரைந்துவிடும். எனவே ஒவ்வொரு நாளின் வானிலைக்கும் ஏற்பக் கால அளவை மாற்ற வேண்டியிருந்தது.

1872 இல் டெய்லர் இலை உருட்டும் இயந்திரம் ஒன்றை அமைத்துத் தொழிற்சாலையை விரிவாக்கினார். 1873 இல் 23 பவுண்டு எடையுள்ள இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1874 இல் டார்ஜிலிங் சென்று அங்குள்ள தோட்டங்களைப் பார்வையிட்டார். நாற்பது ஆண்டுப் பணியில் அவர் எடுத்த நீண்ட விடுப்பு அது ஒன்றே எனப்படுகிறது. அதையும் தேயிலை பற்றிக் கற்பதற்கே செலவிட்டார்.

பயிரின் பரவல்

1875 இல் இலங்கையில் தேயிலை பயிரான நிலம் சுமார் ஆயிரம் ஏக்கர் மட்டுமே. காப்பியை இழந்த தோட்டக்காரர்கள் லூல்கந்துரவுக்கு வந்து கற்றுச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் இப்பரப்பு மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. 1890 இல் இலங்கைக்கு வந்த வணிகர் தாமஸ் லிப்டன் மலைநாட்டில் தோட்டங்களை வாங்கி, சிலோன் தேயிலையை உலகச் சந்தையில் பெரும் பெயராக்கினார். தேயிலையால் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களுள் டெய்லர் இல்லை. அவர் இறுதிவரை பிறருக்குச் சொந்தமான தோட்டத்தில் ஊதியத்துக்குப் பணியாற்றியவரே.

தமிழ்த் தொழிலாளர்

காப்பிக் காலத்தில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆண்கள் அறுவடைப் பருவத்துக்கு மட்டும் இலங்கைக்குச் சென்று திரும்பினர். கங்காணிகளின் கீழ்க் குழுக்களாகப் படகில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் இறந்தோர் பலர்.

தேயிலை இந்நிலையை மாற்றியது. டார்ஜிலிங்கிலும் அசாமிலும் குளிர்காலத்தில் செடி உறங்குவதால் கொழுந்து பறிப்பது நின்றுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள இலங்கையில் அத்தகைய குளிர்காலம் இல்லை. செடி ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது, ஒவ்வொரு செடியிலும் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து பறித்தாக வேண்டும். ஆகவே தோட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்பட்டனர். குறிப்பாகக் கொழுந்து பறிக்கப் பெண்கள் பெருமளவில் தேவைப்பட்டதால், குடும்பங்கள் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் நிலையாகக் குடியமர்ந்தன. பருவத்துக்கு வந்து சென்றவர்கள் மலையகத் தமிழர் என்னும் நிலையான சமூகமாக மாறுவதற்கு மலைநாட்டின் காலநிலையும் ஒரு காரணமாயிற்று.

இலங்கை விடுதலை அடைந்த 1948 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. இந்தியா திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தீர்வு கண்டது.

சரிவு நிலத்தில் வாழ்வதன் இடர் இன்னும் நீங்கவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் மீரியபெத்த தோட்டத்தில் நேர்ந்த நிலச்சரிவில் லயங்கள் மண்ணில் புதையுண்டு பலர் உயிரிழந்தனர்.

இறுதிக்காலம்

1891 இல் தோட்டக்காரர்கள் டெய்லரின் தொண்டைப் பாராட்டி வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்தனர். ஆனால் அடுத்த ஆண்டே தோட்டத்தை நடத்திய நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. லூல்கந்துரவை விட்டுச் செல்ல அவர் விரும்பவில்லை. சிறிது காலத்தில் வயிற்றுக் கடுப்பு நோயுற்று, 1892 மே 2 அன்று 57 ஆம் வயதில் அத்தோட்டத்திலேயே காலமானார்.

டெய்லர் பருத்த உடலினர். அவரது உடலை இருபத்து நான்கு தொழிலாளர்கள் இரு பிரிவாக மாறி மாறித் தோளில் சுமந்து, மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொண்டு சென்றதாகக் கூறப்படுகிறது. மஹய்யாவ கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் தேயிலை, சிங்கோனா ஆகிய இரு பயிர்களின் முன்னோடி என அவரது கல்லறைக் கல் குறிப்பிடுகிறது.

நினைவுச் சின்னங்கள்

லூல்கந்துரவில் டெய்லர் வாழ்ந்த மரவீட்டின் எச்சங்களும், அவர் அமர்ந்து தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையும் உள்ளன. கண்டிக்கு அருகில் ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அவரது நினைவுப் பொருட்கள் வைக்கப்பட்டுள்ளன. தலவாக்கலையில் அவருக்குச் சிலை உண்டு. 1972 இல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என மாறிய பின்னரும், சிலோன் தேயிலை என்னும் பெயர் சந்தையில் தொடர்ந்து வழங்குகிறது.